யோசனையில் இருந்தவர் எங்கள் அக்காள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப்பேர் எங்கள் அக்காளை நேரில் பார்த்திருக்கமாட்டீர்கள். பார்த்தவர்களிலும் பலர் அவரோடு உட்கார்ந்து பேசியதில்லை. குற்றாலத்தில் தனியாக ஒரு பெண் இருக்கிறாளாம் என்ற அளவில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கு மேல் கேள்விப்பட்டவற்றில் பெரும்பாலானவை சரியல்ல. அக்காள் மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த வேளையில், கூடப்பிறந்த ஒரே தங்கை என்ற முறையில் நான் அறிந்ததை எழுதுகிறேன். புகழ்ந்து எழுத எனக்கு வராது. அக்காளுக்கும் அது பிடித்திருக்காது.

எங்கள் பிறந்த ஊர் சுந்தரபாண்டியபுரம். அப்பாவுக்குக் குளத்துப் பாசனத்தில் நன்செய் இருந்தது. நான் பால்குடி மாறும் முன்பே அம்மா தவறிவிட்டார். அக்காள் என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர். ஆனாலும் எனக்குத் தலைவாரிச் சோறு ஊட்டியவர் அவர்தான். எங்கள் வீட்டில் பேச்சு குறைவு. அப்பா வயலுக்குப் போய்விட்டால், கிணற்றங்கரையில் உருளை கிறீச்சிடுவதைத் தவிர வேறு சத்தம் இருக்காது. அந்த அமைதியிலேயே அக்காள் வளர்ந்தார்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அக்காளைச் சேர்த்தார்கள். சில மாதம் கழித்து ஆசிரியர் அப்பாவை வழியில் பார்த்து, பிள்ளைக்கு வாசிக்க நன்றாக வருகிறது, வாசித்த இடத்தைவிட்டு நகரத்தான் வரவில்லை என்று சொன்னாராம். உண்மைதான். மற்றப் பிள்ளைகள் பாடத்தை ஒப்பித்து முடித்திருப்பார்கள். அக்காள் முதல் வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால் அந்த வரியைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார். பதில் சொல்ல ஆசிரியருக்கு நேரம் இருந்ததில்லை.

பெரியவளானதும் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு அப்பாவின் அலமாரியிலிருந்த பாட்டுப் புத்தகங்களை அக்காள் எடுக்கத் தொடங்கினார். அவர் வாசித்த விதத்தைச் சொல்லவேண்டும். ஒரு பாட்டை எடுப்பார், இரண்டு தடவை படிப்பார், புத்தகத்தை மூடிவிடுவார். பிறகு வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டே அந்தப் பாட்டை மனத்துக்குள் வைத்துப் புரட்டுவார். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கும்போதும், உலை கொதிப்பதற்காகக் காத்திருக்கும்போதும் அது நடந்துகொண்டே இருக்கும். மறுபடி புத்தகத்தைத் திறக்கச் சில சமயம் ஒரு வாரம் ஆகும்.

நடவுக் காலத்தில் ஒருநாள் வயலுக்குக் கஞ்சி கொண்டுபோனோம். வரப்பில் போகும்போது அக்காள் நின்றுவிட்டார். தலையில் கஞ்சிப் பானை இருக்கிறது. என்ன என்று கேட்டேன்.

"ஏட்டி, பொறுமைன்னு சொல்லுதோம். பொறுப்புன்னும் சொல்லுதோம். சுமையையும் பாட்டுல பொறைன்னு சொல்லிருக்காக. எல்லாம் ஒரே சொல்லுலேந்து வந்துருக்கு பாரு. அப்ப பொறுத்துக்கோன்னு ஒருத்தர்கிட்ட சொன்னா, இதத் தூக்கிக்கோன்னு சொல்லுத மாதிரிதான?"

எனக்குப் பானை விழுந்துவிடுமே என்ற கவலைதான் இருந்தது. இன்று அந்தக் கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. எத்தனை பேர் எத்தனை பேரிடம் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்போம்.

தென்காசியில் பெரிய கோயிலின் பிளந்த கோபுரம் தெரிகிற தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் அக்காளைக் கொடுத்தார்கள். அத்தான் நல்லவர். இதை நான் மனமறிந்து எழுதுகிறேன். குரலை உயர்த்திப் பேசமாட்டார். கடையடைத்து வரும்போது அக்காளுக்குப் பூ வாங்காமல் வந்ததில்லை. ஆனால் அது ஆள் நடமாட்டம் ஓயாத வீடு. கடையில் வேலைபார்க்கிறவர்களுக்கும் அங்கேதான் சாப்பாடு. ஒரு கையை நிறுத்தினால் பத்துக் காரியம் நின்றுபோகும். அந்த வீட்டில் போய் அக்காள் நின்றார்.

கிணற்றடியில் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். வாளி தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும். பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கும், அவர் கண் அதன்மேலேயே இருக்கும். முதலில், மருமகள் நின்றுகொண்டே தூங்குகிறாள் என்று வேடிக்கையாகச் சொன்னார்கள். வருஷங்கள் போயின. குழந்தையும் இல்லை. வேடிக்கை போய், அவளை ஏதோ பிடித்திருக்கிறது என்று பேச ஆரம்பித்தார்கள். ஓர் ஆண்பிள்ளை கண்ணை மூடி உட்கார்ந்தால் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிற ஊர்தான் அது. வீட்டுக்காரியம் பார்க்கிற பெண்ணுக்கு அந்த மரியாதையைக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு அத்தானுடைய தாயார் படுத்த படுக்கையானார். அந்த ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் முழுவதும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் அக்காள்தான். தாயார் இறந்தபோது உறவுப் பெண்கள் எல்லோரும் கட்டிக்கொண்டு மாரடித்து அழுதார்கள். அக்காள் தாயாரின் வலது கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார். வாய்விட்டு அழவில்லை. கண்ணும் நனையவில்லை. தூக்கிக்கொண்டு போகிறவரை அப்படியே இருந்தார்.

அந்த வீட்டார் அதை மன்னிக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். சித்தம் கலங்கிவிட்டது, சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்குக் கொண்டுபோய் அருவியில் நிறுத்துவது என்று முடிவாயிற்று. அப்பா தள்ளாத நிலையில் இருந்தார். அவரால் மறுத்துப் பேச முடியவில்லை. புளியறையில் வாழ்க்கைப்பட்டிருந்த எனக்கு ஆள் அனுப்பி, கூடப் போய் இரு என்று மட்டும் சொல்லச் சொன்னார்.

சித்தம் கலங்கியவர்களை அருவியில் குளிப்பாட்டுவது நம் பக்கத்தில் எல்லோரும் அறிந்தது. பேரருவிக்குப் போகிற பாதையில் ஒரு சத்திரத்தில் எங்களுக்கு அறை கிடைத்தது. அக்காளுடைய தலைமுடியைக் கழுத்தளவு வெட்டினார்கள். வைத்தியர் கொடுத்த எண்ணெயை உச்சியில் தேய்த்து, விடிந்ததும் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு தோளைப் பிடித்து அழைத்துப் போவார்கள். தண்ணீர் விழுகிற இடத்தில் தலையைக் குனியவைத்து நிறுத்துவார்கள். அக்காள் ஒருநாளும் முரண்டு பிடிக்கவில்லை. அதனால் பிடித்திருந்த பெண்களுக்கே சங்கடமாயிருந்தது. பக்கத்தில் காலில் சங்கிலியோடு ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், அவர் அலறுவார். அருவிச் சத்தத்தில் அவர் வாய் அசைவது மட்டும் தெரியும். அக்காள் திரும்பித் திரும்பி அவரைப் பார்ப்பார்.

ஒரு நாள் குளித்து வந்து அறையில் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது நான் கேட்டேவிட்டேன். "அக்கா, அப்படி என்னத்ததான் நெனைக்க? அத்தை செத்தன்னிக்கு ஏன் அழல?"

அக்காள் துண்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"அந்தக் கை எனக்கு எத்தனை வருசம் சோறு போட்டிருக்கு. ஒருநாளாவது நான் அந்தக் கையப் பாத்திருக்கேனா? எல வச்சமா, தின்னமான்னு போயிருக்கேன். சுண்டு விரலு கோணலா இருந்துச்சு ஏட்டி. எப்ப முறிஞ்சுச்சோ, யாரும் கேக்கல போல. இன்னும் செத்த நேரத்துல கொண்டுபோயிருவாக, இப்பவாவது பாத்துக்கிடுவோம்னு இருந்தேன். அழுகை பெறகு வந்துச்சு. அப்ப யாரும் கூட இல்ல."

அருவிக்குள் நிற்கும்போது எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "ஒண்ணும் நெனைக்க முடியாது. அதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா வெளிய வந்தா, நெனைப்பு அங்கனயே நம்மளுக்காகக் காத்துக்கிட்டு நிக்குது" என்றார்.

இப்படியே ஆடி போய் ஆவணி வந்தது. சாரல் குறைந்து, வந்திருந்த கூட்டம் கலையத் தொடங்கிய சமயம் அத்தான் வந்தார். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, வெட்டிய முடியோடிருந்த அக்காளைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வைத்தியரிடம் பேசிவிட்டுத்தான் வந்திருந்தார். சோறு தண்ணீர், தூக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, இதற்குமேல் தம்மிடம் மருந்தில்லை என்று வைத்தியர் சொல்லியிருந்தார். வீட்டுப் பெரியவர்கள் ஒரு சொல் கேட்டனுப்பியிருந்தார்கள். அதை அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இனிமே அப்படி நிக்க மாட்டேன், ஒக்கார மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. நான் போயி அவுககிட்ட சொல்லிருவேன். இப்பமே வண்டியில போயிருவோம். இல்லேன்னா எனக்கு வேற கட்டிவைக்கணும்னு சொல்லுதாக."

அக்காள் யோசித்தார். எதற்காகத் தண்டனையோ அதையே அத்தானுக்கு முன்னால் செய்தார். சும்மாவாவது சரி என்று சொல்லிவிடேன் என்று நான் உள்ளுக்குள் தவித்தேன். அத்தானும் அப்படித்தான் தவித்திருப்பார். வாசலில் மாடு தலையை ஆட்டும் மணிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சொல்லலாம். எனக்கும் வீட்டுக்கு வரணும்னுதான் இருக்கு. ஒங்களோட இருக்கணும்னுதான் இருக்கு. ஆனா நான் வேணும்னு நிக்கலியே. அதுவா வருது. வராதுன்னு எப்படிச் சொல்லுவேன்? நாளைக்கே கெணத்தடியில நிப்பேன். அப்ப ஒங்க மூஞ்சியில பொய்யின்னு தெரியும். அத நான் பாக்க மாட்டேன்."

அத்தான் வெகுநேரம் இருந்தார். கொண்டுவந்த பூவை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று அக்காள் சாப்பிடவில்லை.

மறுவருஷம் அத்தானுக்கு வேறு திருமணம் நடந்தது. அதற்கு முன் அக்காளிடம் சம்மதம் கேட்டு ஆள் வந்தது. கொடுத்துவிட்டார்.

பிறந்த வீட்டுக்கு வரும்படி அப்பா எவ்வளவோ கேட்டும் அக்காள் வரவில்லை. "அங்கன வந்தா எல்லாரும் என்னையவே பாத்துக்கிட்டு இருப்பாக. இது பைத்தியம் வந்து வந்து போகுத ஊரு. இங்கன என்னையப் பாக்க யாருக்கு நேரம்?" என்றார். முகத்தில் மாறுதல் ஏதுமில்லாமல் சொன்னார். அப்பா குற்றாலத்தில் ஓர் ஓட்டு வீட்டை வாங்கி அவருக்குக் கொடுத்தார். வயலிலிருந்து வருஷ நெல் போய்க்கொண்டிருந்தது. அப்பா காலமான பிறகும் அது நிற்காமல் என் கணவர் பார்த்துக்கொண்டார்.

சாரல் காலத்துக் குற்றாலம் நம் எல்லோருக்கும் தெரியும். மற்ற மாதங்களில் அங்கே வாழ்ந்தவர்களுக்குத்தான் அந்த ஊர் தெரியும். மாசி பிறந்தால் அருவி பாறையில் ஈரக்கோடாக ஒட்டிக்கிடக்கும். சத்திரங்களைப் பூட்டிவிடுவார்கள். கடைகளில் பலகை சாத்திக் கிடக்கும். உச்சிவேளையில் தெருவில் குரங்குகளைத் தவிர நடமாட்டம் இராது. அந்த ஊரில் அக்காள் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் தனியாக இருந்தார். விடியலில் குளித்து, ஒரு வேளைக்குச் சமைத்து, ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு உட்காருவார். வேலை என்று பார்த்தால் முன்பு செய்தவைதான். வாசல் தெளிப்பது, அரிசி பொறுக்குவது, சோறு வடிப்பது. இப்போது நடுவில் நின்றுவிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை.

மாதம் ஒருமுறை நான் போய் வருவேன். உனக்கென்னக்கா, யோசனை துணையிருக்கிறது, தனிமை தெரியாது என்று ஒரு தடவை ஆறுதலாகச் சொன்னேன்.

"அப்படி நெனைக்காத. தனியா இருக்கது கஷ்டமாத்தான் இருக்கு. யோசனை பண்ணுதவளுக்கு அந்தக் கஷ்டமும் கூடக் கொஞ்சம் தெளிவாத் தெரியும், அவ்வளவுதான். சாயங்காலம் வெளக்கு ஏத்தும்போது, இத யாருக்காக ஏத்துதோம்னு தோணும். அதையும்தான் யோசிச்சுப் பாக்கேன்."

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தேன்.

இனிச் சொல்லப்போவது உறவினர்களில் பலருக்குப் புதிதாக இருக்கும். அத்தானின் இளைய மனைவி செண்பகத்தம்மாளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து, நடை பழகிய பருவத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அடுத்தது பிறக்கும், அழாதே, பொறுத்துக்கொள் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். குழந்தையின் பேரைக்கூட யாரும் அவர் முன்னால் சொல்வதில்லை. அவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. ஒரு பங்குனி மாதத்தில், கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வண்டியேறி நேரே குற்றாலத்துக்கு வந்துவிட்டார். ஏன் அங்கே போனீர்கள் என்று பின்னாளில் நான் கேட்டேன். "அவுகளப் பைத்தியக்காரின்னு சொன்னாகள்லா. அப்ப என்னைய அழாதன்னு சொல்ல மாட்டாகன்னு தோணிச்சு" என்றார்.

வந்தவர் யாரென்று சொன்னதும் அக்காள் உள்ளே அழைத்துப் பாய் போட்டார். குழந்தை போன சேதியைக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளைக்கு என்ன பிடிக்கும்?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. செண்பகத்தம்மாள் வெயில் தாழ்கிறவரை சொல்லிக்கொண்டே இருந்தாராம். பிள்ளைக்கு வெல்லம் பிடிக்கும், கடையில் துணி கிழிக்கிற சத்தம் கேட்டால் கைகொட்டும், நிலைக்கண்ணாடியைப் பார்த்தால் பயப்படும் என்று ஒன்று விடாமல் சொன்னாராம். அக்காள் குறுக்கே பேசவில்லை. புறப்படும்போது, "நீ சொன்னதெல்லாம் எங்கிட்டயும் இருக்கும். மறந்துருவோமோன்னு பயப்படாத" என்று அக்காள் சொல்லியனுப்பினார்.

அதற்குப் பிறகு செண்பகத்தம்மாள் அடிக்கடி வரலானார். அத்தானுக்குத் தெரியும். அவர் தடுக்கவில்லை. செண்பகத்தம்மாளுக்கு எழுத்து வாசனை கிடையாது. அக்காள் ஒரு வரியைச் சொல்வார். இருவரும் அவரவர் வேலையைப் பார்த்தபடி அதை நினைத்துக்கொண்டிருப்பார்கள். விளக்கம் சொல்கிற வழக்கமெல்லாம் இல்லை. "பாதிக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனா வீட்டுக்கு வந்து அடுப்பு ஊதும்போது அது கூடவே வந்து ஒக்காந்திருக்கும்" என்று அவர் என்னிடம் சொன்னார். அக்காளின் யோசனைக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை.

உலகச் சண்டைக் காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது அக்காள் ஒருவேளைச் சோற்றையும் கஞ்சியாக்கி அக்கம்பக்கத்தாருக்குப் பங்கிட்டார். உடம்பு அப்போதே நலியத் தொடங்கிவிட்டது. சென்ற ஆண்டு சாரலில் பிடித்த சளி நெஞ்சில் கட்டிக் காய்ச்சலாக மாறியது. தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போக அவர் சம்மதிக்கவில்லை. எனக்குச் சேதி வந்து நான் போய்ச் சேருமுன்பே செண்பகத்தம்மாள் துணிமூட்டையோடு வந்து தங்கியிருந்தார். கால்பிடித்து, கஞ்சி வைத்து, உடம்பு துடைத்து எல்லாம் செய்தவர் அவரே. கூடப்பிறந்தவள் நான் வாசலோரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அங்கே செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

கடைசி நாள் காலையில் அக்காளுக்கு நினைவு தெளிவாக இருந்தது. என்னை அருகில் கூப்பிட்டு முகத்தை நெடுநேரம் பார்த்தார். "ஒனக்கு அம்மா ஜாடை வந்துட்டு ஏட்டி" என்றார். எனக்கு அம்மாவின் முகம் தெரியாது. உச்சிப்பொழுதில் மூச்சு அடங்கியது.

அத்தான் வந்து எல்லாக் காரியங்களையும் முறைப்படி செய்தார். ஆற்றங்கரையிலிருந்து திரும்பும்போது, அவள் கடைசியாக என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று என்னிடம் கேட்டார். தெரியவில்லை அத்தான் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அக்காளுக்குத் தினமும் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்த பக்கத்து வீட்டு ஆச்சிக்கும், கொட்டுகிற மழையில் புளியறைக்குச் சேதி கொண்டுவந்த வண்டிக்கார அண்ணாச்சிக்கும், நாடி பார்த்து வந்து போன வைத்தியருக்கும், நெல் தவறாமல் சேர்த்த என் கணவருக்கும், காரியங்களுக்கு வந்திருந்து தோள் கொடுத்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அத்தானுக்கு என் வணக்கம்.

செண்பகத்தம்மாளுக்கு நன்றி எழுதும் முன் இக்கட்டுரையை அவருக்குப் படித்துக் காட்டுவதுதான் முறை என்று தோன்றியது. போன வாரம் தென்காசிக்குப் போய் முழுவதையும் வாசித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"எல்லாம் இருக்கு. ஆனா அவுக சிரிப்பாகள்லா, அதக் காணும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். "ஒருநாள் கொரங்கு உள்ள வந்து சோத்துச் சட்டியத் தூக்கிட்டுப் போயி ஓட்டு மேல ஒக்காந்து, சூடு தாங்காம கைய மாத்தி மாத்தி ஊதுது. அதப் பாத்துட்டு அக்கா சிரிச்சாக பாருங்க, செவரப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர. அவுக சிரிக்கதப் பாத்து எனக்கும் சிரிப்பு. பிள்ள போன பெறகு நான் மொதமொதல்ல சிரிச்சது அன்னைக்குத்தான். அதுக்கப்பறம் நான் போனா எப்பவும் எதுக்காவது சிரிப்பாக. அங்கன தெருவுக்கே கேக்கும்னு நெனைப்பேன்."

எங்கள் அக்காள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தும், மாதந்தோறும் போய் வந்தும் கேட்டதில்லை. கேட்டவர் சொல்வதால் அதையும் எழுதுகிறேன். எங்கள் அக்காள் வாய்விட்டு, கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.